சமுகமில்லை

அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன்.
புதுக்கடையில், வழக்கு மண்டபத்துக்கு வெளியே,
தண்ணீர்க் குழாயடி வாங்கில்.
"நான் வந்து கூப்பிடுமட்டும் உள்ளுக்குப் போகாதேங்கோ"
என்றது என்னுடைய சட்டத்தரணிதான்,
எட்டரைக்கு, தொலைபேசியில்.
பத்தேகாலுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல்
யாரோ ஒருத்தியை மூன்று தரம் கூப்பிட்டது.
'யோகம்பிக்கா' என்று கேட்டது.
பாவம், பஸ் கிடைக்கவில்லையாக்கும்
என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கு ஒரு டீப் பிரீசரைப் பற்றியது.
கொட்டாஞ்சேனையில் வீட்டு முன்னறையில் வைத்து
ஐஸ் பக்கற் விற்க வாங்கியது.
ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம்.
பத்தொன்பதாம் நாள் இரவு அது இருமியது.
விடியக்குள்ளே நானூறு பக்கற்றும்
சிவப்பும் பச்சையுமாய்ப் படியிறங்கி
ஒழுங்கைக்குள் போய்விட்டன.
கடைக்காரன் சொன்னான், கரண்ட் பிழை.
கரண்ட்காரன் சொன்னான், மெஷின் பிழை.
குலவீரசிங்கம் சொன்னார், வெல்லலாம்.

நாலு வருஷம். பதினொரு தவணை.
தவணைக்கு மூவாயிரம், கையில், பற்றுச்சீட்டு இல்லாமல்.
கடைக்காரனிடம் மட்டும்தான்
பற்றுச்சீட்டுக் கேட்க எனக்குத் தெரிந்திருந்தது.

கட்டளை ஒரே வரி:
வழக்காளி சமுகமில்லை, தள்ளுபடி.
அவர் அன்று கடுவலையில் நின்றாராம், வேறொரு காணி வழக்கில்.
"பயப்படாதேங்கோ, மனுப் போட்டுத் திரும்ப எடுக்கலாம்."
அந்த மனுவுக்கும் ஒரு கடைசி நாள் இருந்ததாம்.
அது போய் இரண்டு மாதத்துக்குப் பிறகு
அவருடைய கிளாக்கர் எனக்குச் சொன்னார்,
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து.

பிறகு சட்டத்தரணிக்கு எதிராய்
ஒரு சட்டத்தரணி தேடிப் படியேறினேன்.
ஒருவர், நாங்கள் ஒரே வருஷம் சத்தியம் செய்தவர்கள் என்றார்.
ஒருவர் பிளேன்ரீ தந்தார், அவ்வளவுதான்.
இன்னொருவர் உண்மை பேசினார்:
"அம்மா, நாளைக்கும் மத்தியானம்
நான் அந்த மேசையிலதானே சாப்பிட வேணும்?"

ஜெஸீமாவின் தட்டச்சு மேசை நீதிமன்ற மதிலோரம்,
பாதி குடை, பாதி வெயில்.
உயர் நீதிமன்றப் பதிவாளருக்கு ஒரு முறைப்பாடு,
கூடவே சத்தியக்கடதாசி, பக்கத்துக்கு இருநூறு.
அந்தக் கள்ளன், என்று தொடங்கினேன்.
விரல் அசையவில்லை.
"கோபத்த வையுங்க. தேதியச் சொல்லுங்க."

தேதிகளைச் சொன்னேன்.
சொல்லச் சொல்ல அவை வரிசையில் வந்து நின்றன,
இலக்கம் போட்டு, பந்தி பந்தியாய்,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.
ஏழாம் பந்தியில் அவள் நிறுத்தினாள்.
"நீங்க அன்டைக்கு வந்ததுக்கு என்ன அத்தாட்சி?"
வாசல் பொலிஸ் என் அடையாள அட்டையை வாங்கி
ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினான்.
ஏழு ஐம்பது. நீலப் பேனை.
அந்தக் கொப்பி இருக்குமா என்று தெரியாது.
ஜெஸீமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"அப்ப நீங்க சமுகம்தானே" என்றாள்.

நாலு வருஷத்தில் எவரும் எனக்குச் சொல்லாத வசனம்.
அதற்கு அவள் காசு எடுக்கவில்லை.

சமாதான நீதவான் முத்திரை குத்தினார்.
பதிவுத் தபாலில் நிறுத்தார்கள், இருநூற்று நாற்பது கிராம்.
பிரதியைப் பிரீசருக்குள் வைத்திருக்கிறேன்.
குளிராவிட்டாலும் எலி ஏறாது.

ஐந்து மாதமாய்ப் பதில் இல்லை.
காசு வராது என்றும் சொல்கிறார்கள்,
வந்தால் அவருக்கு ஒரு எச்சரிக்கை வருமாம்.
வரட்டும்.

இப்போதெல்லாம் வங்கியில், கிளினிக்கில்,
தபால்காரன் கேற்றடியில்,
யார் எந்தப் பெயரை எப்படி உடைத்துக் கூப்பிட்டாலும்
நான் எழும்பிப் போய்
அது நானா என்று கேட்கிறேன்.